மூன்று என்று சொன்ன இரண்டு சுற்று

சூரமங்கலம் ரயிலடியின் சக்கரவர்த்தியும் தண்டவாளங்களின் தனிப்பெருந்தலைவனுமாகிய என் மகனுக்கு, மல்லசமுத்திரத்துக்கு மேற்கே கல்லையும் முள்ளையும் ஆண்டுவரும் உன் அப்பன் எழுதுவது. நீ அங்கே ரயில்பாதை பழுது பார்க்கும் கேங்கில் சேர்ந்து ஆணி இறுக்கிக்கொண்டிருக்கிறாய் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். ஊருக்குத் தெரியாது. நீ கையைத் தூக்கினால் மெயில் வண்டி நிற்கும், கையைக் கீழே போட்டால் புறப்படும் என்று இங்கே சொல்லி வைத்திருக்கிறேன். போன மாதம் வண்டி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்ததல்லவா, உனக்குக் கை சுளுக்கிக்கொண்டதுதான் காரணம் என்று அதையும் விளக்கிவிட்டேன். அடுத்த முறை வரும்போது கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வா.

இப்படிப்பட்டவன் உண்மை எழுதப்போகிறேன் என்றால் நம்புவது கஷ்டம்தான். ஊர்ப் பிள்ளைகள் ‘சித்தப்பா, சித்தப்பா’ என்று என்னைச் சூழ்ந்து உட்காருவது உண்மை கேட்பதற்காக அல்ல. ஆனால் வருகிற தையில் நீ உன் தாய்மாமன் செங்கோடனின் மகள் பொன்னாயியைக் கட்டப்போகிறாய். அந்த வீட்டுக்கு மருமகனாகப் போகிறவன், மாமனாரின் இடது கால் ஏன் சாய்ந்து நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போகவேண்டும். எனக்குத் தெரியும் என்பாய். அம்மாபேட்டை வாகை மரத்தில் சிறுத்தை படுத்திருந்தது, மாமன் அதன் வாலைக் கிளை என்று பிடித்துவிட்டார், அது பாய்ந்தது, அவர் விழுந்தார், நான் வடத்தை ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டே மறு கையால் சிறுத்தையை விரட்டினேன். இந்தக் கதையை நீ பத்து வயதில் என்னிடம்தான் கேட்டாய். அதில் அம்மாபேட்டையும் வாகை மரமும் மாமன் விழுந்ததும் மட்டும் மெய். மீதியை இப்போது எழுதுகிறேன். உன்னோடு தங்கியிருக்கும் ஆட்களுக்கும் கேட்கும்படி சத்தமாகவே படி. ஒளித்து வைத்ததால் வந்த வினைதான் இது.

நானும் உன் மாமனும் சேர்ந்து பதினாறு வருஷம் மரம் வெட்டினோம். அவன் மேலே, நான் கீழே. செங்கோடன் மரம் ஏறினால் காக்கைகள் தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அழும். அவன் ஏறிய வேகத்தில் அணில்கள் இரண்டு வெட்கப்பட்டுத் தரையில் வாழப் போய்விட்டன. சரி, அதை விடு. காட்டில் நிற்கும் மரத்தை அடியோடு சாய்க்க எந்த முரடனும் போதும். எங்களைக் கூப்பிட்டது வேறு வேலைக்கு. வீட்டுக் கூரை மேல் சாய்ந்த கிளை, கிணற்றுக்கு மேல் கவிந்த கிளை, கோயில் மதில் மேல் படுத்த கிளை, இவற்றைக் கீழே ஓர் ஓடும் உடையாமல் இறக்கவேண்டும். வெட்டவேண்டிய கிளையில் அவன் கத்தாழை நாரில் திரித்த வடத்தின் ஒரு நுனியைக் கட்டுவான். அதற்கும் மேலே கிளை பிரிகிற ஒரு கவையில் வடத்தைப் போட்டு, மறு நுனியைக் கீழே விடுவான். நான் அதை அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்துக்கொள்வேன். மூன்று சுற்று இருந்தால் ஆனை கனமுள்ள கிளையையும் ஒரு ஆள் பிடித்து நிறுத்தலாம். மரமே நமக்காகப் பிடித்துக்கொள்ளும். அவன் வெட்டுவான். கிளை அறுந்து அந்தரத்தில் தொங்கும். அவன் ஒதுங்கிக்கொண்டு ‘உடு’ என்பான். நான் கொஞ்சம் கொஞ்சமாக வடத்தை விடுவேன். தொட்டிலில் பிள்ளையைப் போடுவதுபோலக் கிளை தரைக்கு வரும்.

இதில் நீ கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மேலே இருப்பவனுக்கு அடிமரம் தெரியாது, இலை மறைக்கும். ஆகவே கோடாலியை ஓங்குமுன் அவன் ஒரு கேள்வி கேட்பான்: “சுத்தாச்சா?” கீழே இருப்பவன் எண்ணைச் சொல்வான்: “மூணு!” அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவன் வெட்டுவான். ஆமாம் என்று சொல்லக்கூடாது, ஆச்சு என்று சொல்லக்கூடாது, எண்ணைத்தான் சொல்லவேண்டும். இப்படித்தான் எங்களுக்கு முன்னால் இருந்தவர்களும் செய்தார்கள்.

நான் எப்போதும் மட்டமானவன் என்று நினைத்துவிடாதே. மல்லசமுத்திரத்தில் ஒரு புளியமரத்தில் கதண்டுக் கூடு இருந்தது தெரியாமல் கிளையை வெட்டிவிட்டோம். கிளை பாதி வழியில் தொங்குகிறது. செங்கோடன் அதற்கு நேர் கீழே உள்ள கவையில் மாட்டிக்கொண்டிருக்கிறான். கதண்டுகள் அவனை விட்டுவிட்டு என்னிடம் வந்தன, நான் அழகன் என்பதால். நாற்பதாயிரம் கொட்டின. சரி, நாற்பது. வடத்தை விட்டிருந்தால் ஓடியிருப்பேன். அவன் மண்டை போயிருக்கும். நான் விடவில்லை. அவன் இறங்கி வந்து பச்சை இலைப் புகை போடும்வரை நின்றேன். அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது என் முகம் பூசணிக்காய் ஆகிவிட்டது. உன் அம்மா கதவைத் திறந்து, “ஆருங்க வேணும்? அவியெ இன்னும் ஊட்டுக்கு வல்லீங்க” என்றாள். நீ என்னைக் கண்டு அலறினாய். செங்கோடன் பின்னால் நின்று, “கண்ணு, இது உங்க அப்பந்தான். இன்னிக்குத்தான் பாக்கறாப்பல இருக்குது” என்றான். அதற்குப் பிறகு அவன் மேலே இருந்து என் எண்ணைக் கேட்டானே தவிர, ஒரு நாளும் இலையை விலக்கிக் குனிந்து பார்க்கவில்லை. அன்று சம்பாதித்த அந்த நல்ல பெயரைத்தான் நான் பிறகு தின்று தீர்த்தேன்.

அம்மாபேட்டைக்கு வருகிறேன். நெசவுத் தெரு. காலையில் தெரு நீளத்துக்குத் தறிக்கான பாவு நூலை விரித்துக் கட்டி, கஞ்சி போட்டு, ஆணும் பெண்ணும் இரு பக்கமும் நின்று தடவிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நூலும் ஒரு கொசு உட்கார்ந்தால் அறுந்துவிடும் என்பதுபோல இருந்தது. தெருமுனையில் நின்ற வாகையின் ஒரு கிளை பட்டுப்போய், அந்தத் தெருவின் மேலேயே நீண்டிருந்தது. பாவை அவிழ்த்துவிட்டு வெட்டலாம் என்று செங்கோடன் சொன்னான். ஈரத்தோடு அவிழ்த்தால் நூல் போய்விடும் என்று அவர்கள் சொன்னார்கள். நான் முன்னால் வந்து நெஞ்சைத் தட்டி, “கிளை இறங்கறப்ப உங்க பாவுல தூசி உழுந்தா என்ற மீசையை எடுத்துக்கறேனுங்க” என்றேன். கூட்டம் கூடிவிட்டது. எனக்குக் கூட்டம் கூடினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

செங்கோடன் மேலே போய் வடத்தைக் கட்டிவிட்டான். நான் அடிமரத்தில் சுற்ற ஆரம்பித்தேன். ஒரு பெரியவர், “ஏம்பா, இத்தனாம்பெரிய கிளையை ஒரே ஆளு புடிச்சுக்குவியா?” என்று கேட்டார். கேட்டிருக்கக்கூடாது. திருச்செங்கோட்டு மலையே ஒரு முறை சரிந்தபோது நான் தாம்புக்கயிற்றில் கட்டி நிறுத்தின சரித்திரத்தைத் தொடங்கினேன். ஒரு சுற்று. மலை ஆடியது. இரண்டாம் சுற்று. பெண்கள் கஞ்சி தடவுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். நான் வடத்தைக் கையில் பிடித்தபடியே மலை எப்படி ஆடியது என்று ஆடிக் காட்டினேன். அப்போது மேலிருந்து குரல் வந்தது. “சுத்தாச்சா, மாப்ளே?”

“மூணு!” என்றேன்.

பொய் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. பதினாறு வருஷமாகச் சொன்ன சொல், தானாக வந்தது. கை இரண்டில் நின்றுவிட்டது. வாய் மூன்றாவதையும் சுற்றி முடித்துவிட்டது. நான் திரும்பி அடிமரத்தைப் பார்த்தேனா என்று கேட்காதே. பார்க்கவில்லை. மலை இன்னும் விழாமல் இருந்தது.

கிளை அறுந்ததும் வடம் என் கையில் ஓடியது. இரண்டு சுற்றுக்கு அந்தக் கனம் நிற்காது. தொங்கவேண்டிய கிளை கீழே பாய்ந்தது. அதன் வால் பக்கம் வீசித் திரும்பி, செங்கோடன் நின்ற கிளையைத் துடைத்துக்கொண்டு போயிற்று. அவன் மூன்று ஆள் உயரத்திலிருந்து விழுந்தான். நான் வடத்தை விடவில்லை, அதுவரை உண்மை. உள்ளங்கைத் தோல் முழுவதும் வடத்தோடு போயிற்று. கிளை, பாவுக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. ஒரு நூல் அறவில்லை. நெசவுத் தெருவே என்னைச் சூழ்ந்துகொண்டு, கை வெந்தும் விடாத தீரன் என்றது. யாரோ என் கழுத்தில் ஒரு புதுத் துண்டைப் போட்டார்கள். பத்தடி தள்ளி, உன் மாமன் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். என் கழுத்தில் துண்டு இருந்தது.

எலும்பு கட்டுகிற வைத்தியர் வீட்டில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே, “மேல் முடிச்சு எளகிருச்சு போல இருக்குது, மாப்ளே. நாந்தேன் சரியாப் போடலையாட்ட இருக்குது” என்றான். இந்த இடத்தில் உன் அப்பன் என்ன சொன்னான் தெரியுமா? கட்டுப் போட்ட கையை அவன் தோளில் வைத்து, “உடு மச்சா, ஆருக்குத்தேன் தவறாது” என்றேன். நான் செய்த தவறுக்காக, அடிபட்டவனை நான் மன்னித்தேன். என் வாழ்நாளில் நான் அளந்த அளப்புகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் அந்த ஒரு வாக்கியத்தின் கால் தூசிக்கு வராது.

உன் அம்மா மட்டும் கைக்கு மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போடும்போது ஒரு முறை சொன்னாள். அவளும் மரம் ஏறுகிற வீட்டில் பிறந்தவள் அல்லவா. “மூணு சுத்து இருந்திருந்தாக் கை இப்பிடி வேவாதுங்களே” என்றாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை. வீரத்துக்கு அத்தாட்சி என்று ஊரே பார்த்துப்போன கை, அவளுக்கு வேறு ஒன்றுக்கு அத்தாட்சியாக இருந்தது.

செங்கோடன் அதோடு மரம் ஏறுவதை விட்டுவிட்டான். கோடாலிக்கும் அரிவாளுக்கும் சாணை பிடிக்க உட்கார்ந்தான். கால் போய்விட்டது, பாவம் என்றது ஊர். நான் கதையை வளர்த்தேன். முதல் வருஷம் மரத்தில் பாம்பு இருந்தது. அடுத்த வருஷம் அது மலைப்பாம்பு ஆயிற்று. மூன்றாம் வருஷம் சிறுத்தை வந்து சேர்ந்தது. செங்கோடனும் கூட்டத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறான். ஒரு முறை கூட மறுத்ததில்லை. ஒரே ஒரு முறை, “அந்தச் சிறுத்தை ஆணா பொண்ணா, மாப்ளே?” என்று கேட்டான். நான் பெண் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பதினான்கு வருஷம் இப்படியே போயிற்று.

உனக்குப் பொன்னாயியை நிச்சயம் செய்து வெற்றிலை மாற்றிய பிறகு எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காமல் போயிற்று. உன் பிள்ளை நாளைக்குத் தாத்தன் மடியில் உட்கார்ந்து, காலைத் தொட்டுப் பார்த்துச் சிறுத்தையைப் பற்றிக் கேட்கும். போன புதன்கிழமை சோற்றைத் தின்றுவிட்டு, வெயிலில் செங்கோடன் வீட்டுக்குப் போனேன். அவன் சாணைக்கல்லில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தான்.

“வா மாப்ளே. மூஞ்சி என்ன, நேந்து உட்ட கெடாயாட்ட இருக்குது?”

“ஒண்ணு சொல்லோணும், மச்சா.”

“சொல்லு. பாம்பா, சிறுத்தையா?”

“அம்மாபேட்டையில நான் ரெண்டு சுத்துத்தேன் போட்டிருந்தேன். மூணுன்னு சொல்லிப்போட்டேன்.”

அவன் அரிவாளை நிறுத்தவில்லை. “கல்லுக்குத் தண்ணி ஊத்து” என்றான். ஊற்றினேன். விளிம்பைக் கட்டை விரலில் தடவிப் பார்த்துவிட்டு, “தெரியும்” என்றான். பிறகு அரிவாள் நுனியால் வீட்டுக்குள்ளே காட்டினான். அடுப்புக்கு மேலே ஆணியில் விதைச்சோளக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. புகை ஏறிக் கருத்த கத்தாழை வடத்துண்டில் கட்டித் தொங்கியது. ஆளைத் தள்ளிய வடம் மறுபடி மரம் ஏறாது என்பது எங்கள் வழக்கம். துண்டு துண்டாக அறுத்து வீட்டு வேலைக்குக் கொடுத்துவிடுவோம். நுனித் துண்டு அவன் வீட்டுக்கு வந்திருக்கிறது. ஆணியில் மாட்டியிருந்தது அன்று கிளையைச் சுற்றியிருந்த வளையம், தொடை நுழைகிற அகலம். அவன் அன்று கிளையில் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது, அவிழாமல், இம்மியும் இளகாமல். அந்தச் சோளக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து நான் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“தெருவுல மல்லாந்து கெடந்தப்ப என்ற மூஞ்சிக்கு நேரா அந்த முடிச்சுத்தேன் தொங்குச்சு” என்றான்.

“அப்பறம் ஏன் மச்சா, முடிச்சு எளகிருச்சுன்னு சொன்னே?”

“நீ இல்லீன்னு சொல்லுவீன்னு பாத்தேன். நீ என்னடான்னா என்னை மன்னிச்சு உட்டுட்டே.”

உள்ளே இருந்த உன் அத்தை பாவாயி சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. “காலு போயித்தேன் மரம் ஏறலீன்னு ஊரு சொல்லுது. காலு ஆறு மாசத்துல கூடிருச்சு. சாஞ்சு நடந்தா என்ன, ஏறறதுக்குக் கைதானே வேணும். கீழ ஆளில்லே.”

“பின்ன எப்பிடிப் பொண்ணு குடுக்கறே?”

“கட்டப்போறது உன்ற மவன். நீயா?” என்றான். பிறகு அவன் எழுந்து வாசலுக்கு வந்து வேப்பமரத்தின் கிளையை அண்ணாந்து பார்த்தான். “பந்தக்கால் நடற எடத்துக்கு மேல அந்தக் கெழக்கு வாது ஓட்டு மேல சாஞ்சு நிக்குது. வெட்ட ஆளு கூப்படலாம்னு இருந்தேன். நானே ஏறறேன். வடத்தை நீ புடி.”

“ஏனுங்க, கல்யாணத்தை வெச்சுக்கிட்டு இதென்ன கூத்து?” என்று பாவாயி ஓடி வந்தாள்.

“கல்யாணத்துக்கு முன்னாலயே பாத்துக்கறது நல்லதுதானே” என்றான் அவன்.

ஏறினான். பதினான்கு வருஷம் கழித்து, ஒரு கால் சாய்ந்தவன் ஏறுவதுபோலத்தான் ஏறினான். இதில் நான் கூட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. வடம் கவையைத் தாண்டிக் கீழே வந்தது. நான் சுற்றினேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் எந்த மலையையும் நிறுத்தவில்லை. இலைக்குள்ளிருந்து குரல் வந்தது. “சுத்தாச்சா, மாப்ளே?” வாயில் மூன்று தயாராக இருந்தது. வாயை மூடிக்கொண்டு அடிமரத்தைப் பார்த்தேன்.

“நாலு, மச்சா” என்றேன்.

மேலே வேப்பமரமே குலுங்குகிற மாதிரி ஒரு சிரிப்பு வந்தது. “நாலு போட்டா வடம் நவுறாதுடா. வாது அந்தரத்துல நின்னு என்ற தலைக்கு நேரா ஆடும். பயத்துல என்னைக் கொல்லப் பாக்கறயா? ஒண்ணைக் கழட்டு.” கழற்றினேன். “சுத்தாச்சா?” “மூணு.” “தொட்டு எண்ணு.” ஒவ்வொரு சுற்றையும் விரலால் தொட்டு எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. அவன் இலையை விலக்கிப் பார்க்கவில்லை. முதல் வெட்டு விழுந்தது.

நீ தண்டவாளத்தில் குனிந்து வேலை செய்யும்போது, வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொல்ல ஒருவன் கொடியோடு நிற்பான் என்று எழுதியிருந்தாய். ஒரு நாள் அந்தக் கொடி உன் கைக்கு வரும். அன்றைக்கும் சரி, பொன்னாயி உன்னிடம் ஏதாவது கேட்கும் அன்றைக்கும் சரி, வாய்க்கு முன்னால் கண்ணை அனுப்பு. எத்தனை இருக்கிறதோ அத்தனை சொல். குறைந்திருந்தால் குறைந்தது என்று சொன்னால், மேலே இருப்பவன் கோடாலியை இறக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பான். என்னைப்போலத் தவறை மறைக்க நாலு சுற்றவும் வேண்டாம். அதுவும் ஆளைக் கொல்லும்.

கிளை ஓட்டின் மேல் ஒரு இலைகூட உதிராமல் இறங்கியது. செங்கோடன் இறங்கி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் வடத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: “கல்யாணத்தன்னிக்குப் புள்ளைக சிறுத்தைக் கதை கேக்கும். சொல்லு. சிறுத்தை மட்டும் வேண்டா.” சரி என்றேன். பந்தலில் ஊர் முழுவதும் உட்கார்ந்திருக்கும்போது சொல்லப்போகிறேன். கூட்டம் கூடினால் எனக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். ஆகவே நீ பக்கத்தில் இரு. நான் மூன்று என்று வாயெடுத்தால் வேட்டியைப் பிடித்து இழு.

வீட்டுக்கு வந்ததும், அதற்குள் சேதி கேட்டிருந்த உன் அம்மா என் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தாள். தோல் இருந்தது. சாப்பிட இலை போட்டாள்.

சீக்கிரம் வந்து சேர். கையில் துணி சுற்றிக்கொள்ள மறக்காதே. மெயில் வண்டிக் கதை மட்டும் அப்படியே இருக்கட்டும். அதில் யாருக்கும் கால் உடையவில்லை.